கஷ்டம் எப்போது பக்குவப்படுத்தும், எப்போது நொறுக்கும்?

“கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளை, அதான் இவ்வளவு பொறுப்பு” என்று யாரையாவது காட்டிச் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். அதே கஷ்டத்தில், சில நேரம் அதே வீட்டில் வளர்ந்த இன்னொருவர் எதிலும் பிடிப்பில்லாமல், தொட்டதற்கெல்லாம் பதறிக்கொண்டு இருப்பார். அவரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. கஷ்டம் இளம் வயதினரைப் பக்குவப்படுத்துமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட வேண்டுமானால், இந்த இரண்டு பேரையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் இப்படித்தான் பார்த்துவருகிறார்கள். அவர்கள் கண்டதை வைத்து எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டம் தானாக யாரையும் வளர்ப்பதில்லை. அந்தக் கஷ்டத்துக்கு நடுவே தன் கையால் ஏதாவது செய்ய முடிந்ததா, அப்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அது ஒரு கட்டத்தில் ஓய்ந்து மூச்சுவிட இடம் கிடைத்ததா என்பவற்றைப் பொறுத்துத்தான் பக்குவம் வருவதும் வராமல் போவதும்.

முதலில், பக்குவம் என்று எதைச் சொல்கிறோம்?

அமைதியாக இருப்பது, எதிர்த்துப் பேசாமல் இருப்பது, சீக்கிரமே வேலைக்குப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். பயந்துபோன பிள்ளையும் அமைதியாகத்தான் இருக்கும். அதனால் அந்த அளவுகோல் உதவாது. கோபமோ பயமோ பொங்கி வரும்போது அதன் இழுப்புக்குப் போகாமல் ஒரு நொடி நிதானிப்பது, செய்யப்போகும் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிப்பது, தன்னால் ஆவதையும் ஆகாததையும் பிரித்துப் பார்ப்பது, அடுத்தவருக்கும் ஒரு நிலைமை இருக்கிறது என்று உணர்வது, தேவைப்படும்போது கூச்சமில்லாமல் உதவி கேட்பது. இவற்றைத்தான் இங்கே பக்குவம் என்கிறேன். உதவி கேட்பதைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எல்லாவற்றிலும் கடினம் அதுதான் என்பது என் எண்ணம்.

இவற்றுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் திட்டமிடுவதையும் உந்துதலை அடக்குவதையும் பெருமளவு கவனித்துக்கொள்கிறது. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடையும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். உணர்ச்சியையும் ஆசையையும் கிளப்பும் பகுதிகளோ பதின்வயதிலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. அந்த வயதில் அடிக்கடி பயன்படும் நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை கழிந்துபோகின்றன. பதினைந்து வயதில் நெருக்கடியைச் சமாளித்துப் பழகியதும் ஆழமாகப் பதியும். நெருக்கடியில் உறைந்துபோய்ப் பழகியதும் அதே அளவு ஆழமாகப் பதியும்.

இது பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். அம்மா திடீரென்று நோயில் படுத்துவிட்டார். முதல் நாள் மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது எப்போது என்று தெரியாமல் அழுகிறாள். இரண்டாம் நாள் ஒரு தாளில் கட்டம் போட்டு, காலை, மதியம், இரவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுகிறாள். ஒரு வேளை மறந்துவிடுகிறது. பதறிப்போய் மருத்துவமனைக்கு போன் செய்து கேட்கிறாள், “பரவாயில்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே” என்று பதில் வருகிறது. மூன்றாம் வாரம் மருத்துவர் எதிரில் உட்கார்ந்து, “இந்த மாத்திரை போட்டதிலிருந்து அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, மாற்ற முடியுமா?” என்று நிதானமாகக் கேட்கிறாள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் கவனித்தது, தவறியது, கேட்டது, திருத்திக்கொண்டது என்று அவளுக்குள் ஒரு முழுச் சுற்று நடந்து முடிந்திருக்கிறது. பக்குவம் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னச் சுற்றுகளாகத்தான் சேர்கிறது.

காட்டில் 11 நாட்கள்

உயிர் பிழைப்பதைப் பற்றிப் பேசும்போது ஜூலியானே கோப்கேயின் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் 92 பேருடன் சென்ற ஒரு பயணிகள் விமானம் இடிமின்னலில் சிக்கி நடுவானில் உடைந்தது. 17 வயது ஜூலியானே, பெல்ட் போட்டபடி இருக்கையோடு சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் உட்பட மற்ற 91 பேரும் இறந்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது அவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, கையில் ஆழமான வெட்டு. கண்ணாடி தொலைந்துபோயிருந்ததால் தூரத்துப் பார்வை சரியில்லை. காலில் ஒற்றைச் செருப்பு மட்டும். கையில் கிடைத்தது ஒரு பை மிட்டாய். இந்த நிலையில் ஒரு சின்ன நீரோடையைக் கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். பாம்பு இருக்குமோ என்று காலில் இருந்த ஒற்றைச் செருப்பை முன்னால் வைத்துத் தரையைச் சோதித்துக்கொண்டே நடந்தார். பத்தாம் நாள் ஒரு படகும், அதன் அருகில் ஒரு குடிசையும் கண்ணில் பட்டன. காயத்தில் புழு வைத்திருந்தது. வீட்டு நாய்க்கு இப்படி ஆனபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியது நினைவுக்கு வர, அங்கே இருந்த பெட்ரோலைக் காயத்தில் ஊற்றினார். மறுநாள் அங்கே வந்த மரம்வெட்டுபவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள்.

இதைக் கேட்கும் பலரும் அந்த 11 நாட்கள்தான் அவரைப் பக்குவப்படுத்தின என்று நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய பெற்றோர் இருவரும் விலங்கியலாளர்கள். விபத்துக்கு முன்பே ஒன்றரை ஆண்டு காலம் அவர்களோடு காட்டுக்குள் இருந்த ஆய்வு நிலையத்தில் வாழ்ந்திருக்கிறார். எதைத் தொடலாம், எங்கே கால் வைக்கலாம், எது ஆபத்து, எது வெறும் பயம் என்று பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே, நிதானமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். விழுந்து தப்பியது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு நடந்து தப்பியதற்கு, பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த அந்தப் பட்டறிவுதான் கைகொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. மீட்கப்பட்ட பிறகு அவருக்குப் பல ஆண்டுகள் கெட்ட கனவுகள் வந்தன, தாயை இழந்த துக்கம் கூடவே இருந்தது. அவரே இதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் உயிரியல் படித்து, வௌவால்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, பெற்றோர் தொடங்கிய அதே ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். வளர்ச்சி வந்தது, ஆனால் அது பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. துக்கமும் கூடவே வந்தது. “அவ்வளவு கஷ்டத்தையும் தாண்டி வந்தாயே, இன்னும் ஏன் அழுகிறாய்?” என்று ஓர் இளைஞரிடம் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வலி ஒன்றுதான், விளைவு வேறு

ஒரே அளவு துன்பம் ஒருவரை நிமிர்த்தி இன்னொருவரை ஒடுக்குவது ஏன்? இதற்கு மிகத் தெளிவான விடை ஒரு பழைய ஆய்விலிருந்து வருகிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு குழுக்களுக்கும் ஒரே அளவு மின் அதிர்ச்சி. முதல் குழு மூக்கால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் குழு என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழு அழுத்தி நிறுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். பிறகு, ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிவிடலாம் என்ற வேறோர் இடத்தில் விட்டபோது, முதல் குழு சுலபமாகக் கற்றுக்கொண்டு குதித்தது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தப்ப வழி இருந்தும் அப்படியே படுத்து வலியைத் தாங்கிக்கொண்டிருந்தன. இன்று இப்படி ஒரு சோதனையை நடத்த அனுமதிக்க மாட்டார்கள், அது சரிதான். அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைத்தாலே மனம் கனக்கிறது.

இரண்டு குழுக்களும் பட்ட வலி ஒன்றுதான். தான் ஏதாவது செய்தால் நிலைமை கொஞ்சமாவது மாறும் என்ற அனுபவம் மட்டும்தான் வேறு. ஐம்பது ஆண்டு மூளை ஆய்வுக்குப் பிறகு, 2016இல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது கற்றுக்கொண்ட ஒன்று என்று முதலில் நினைத்திருந்தார்கள். உண்மையில் செயலற்றுப்போவதுதான் உடலின் இயல்பான எதிர்வினை; கற்றுக்கொள்ள வேண்டியது “என்னால் இதில் ஏதோ செய்ய முடியும்” என்பதைத்தான். அந்தக் கற்றல் முன்மூளையில் பதிந்த பிறகு, அடுத்த நெருக்கடியில் அது முன்கூட்டியே தாங்கிப் பிடிக்கிறது.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய 25 வயதுக் கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கிக்கொண்டபோது நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். சிறுவர்களுக்கு 11 முதல் 16 வயதுதான். வெளி உலகம் அவர்களைக் கண்டுபிடிக்கவே 9 நாட்களுக்கு மேல் ஆனது. அதுவரை பாறையிலிருந்து சொட்டிய நீரைக் குடித்தார்கள், பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி தியானம் செய்து பயத்தை அடக்கினார்கள், கற்களால் குகைச் சுவரைத் தோண்டியும் பார்த்தார்கள். தோண்டி வழி கிடைக்கவில்லைதான். ஆனால் கைக்கு ஒரு வேலை இருந்தது, நிதானமாக வழிநடத்த ஒருவர் கூட இருந்தார்.

அப்படியென்றால் அதிகக் கஷ்டம், அதிகப் பக்குவமா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், பிள்ளைகளுக்குத் தீங்கும் இங்கேதான் நடக்கிறது.

நெருக்கடி வந்ததும் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கவனம் கூர்மையாகிறது. நெருக்கடி தீர்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் உடலும் மனமும் அந்த அனுபவத்தைச் செரித்துக்கொள்ளும். உடற்பயிற்சியில் தசை வலுவடைவது பளு தூக்கும் நேரத்தில் அல்ல, அதற்குப் பிந்தைய ஓய்வில்தான். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அந்தச் சுரப்பு அடங்காமலே இருந்தால், நினைவுக்கும் நிதானத்துக்கும் உதவும் மூளைப் பகுதிகளே பாதிக்கப்படுகின்றன. பக்குவம் எங்கே உருவாக வேண்டுமோ, அந்த இடமே அரிக்கப்படுகிறது.

மார்க் சீரி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 2,398 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நிறைய அடிபட்டவர்கள் மனதளவில் சிரமப்பட்டார்கள், இது எதிர்பார்த்ததுதான். பெரிய கஷ்டம் எதையுமே பார்க்காதவர்களும் அவ்வளவு நன்றாக இல்லை என்பதுதான் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஓரளவு கஷ்டத்தைப் பார்த்தவர்கள்தான் இரு தரப்பினரையும்விட நிம்மதியாகவும், புதிய அடிகளைத் தாங்கக்கூடியவர்களாகவும் இருந்தார்கள்.

இதன் மறுபக்கத்தை 1998இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அடி உதை, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், தாய் மீது வன்முறை என்று சிறுவயதில் வீட்டுக்குள் நேர்ந்த 7 வகைத் துன்பங்களைப் பற்றி 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டார்கள். அவற்றில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்ற ஆபத்துகள் 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தன. ஆகவே, “அடித்து வளர்த்தால்தான் உருப்படுவான்” என்பவர்களுக்கு ஆதரவாக இந்தத் துறையில் எதுவும் இல்லை. தன்னைக் காக்க வேண்டியவரிடமிருந்தே வரும் துன்பத்தில், பிள்ளைக்குத் தப்பிக்கவும் வழியில்லை, சாய்ந்துகொள்ளத் தோளும் இல்லை. மேலே சொன்ன அத்தனை நல்ல விளைவுகளுக்கும் வேர் அந்த இரண்டும்தான்.

பக்கத்தில் ஒரே ஒருவர்

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் காவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அவர்கள் நாற்பது வயதைத் தொடும்வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிறப்பின்போது சிக்கல், பெற்றோரின் மனநோய் அல்லது குடி, ஓயாத குடும்பச் சண்டை என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்கள். இந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ பிரச்சினைகள் வந்தன. மீதி ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள்.

அந்த ஒரு பங்கினரிடம் பொதுவாக என்ன இருந்தது? நிபந்தனை இல்லாமல் அவர்களை ஏற்றுக்கொண்ட ஒருவராவது இருந்தார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களுக்கென்று ஏதோ ஒரு கைத்திறனோ ஆர்வமோ இருந்தது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது போல, தங்களை நம்பி ஒருவர் இருக்கிறார் என்ற பொறுப்பும் பலருக்கு இருந்தது. எனக்கு மிகவும் ஆறுதல் தருவது இதே ஆய்வின் இன்னொரு பகுதி. பதின்வயதில் தடம் மாறியவர்களில் பெரும்பாலானோர் முப்பதுகளில் திரும்பி வந்துவிட்டார்கள். விட்ட படிப்பைத் தொடர்ந்தது, நல்ல வாழ்க்கைத் துணை, ஒரு நிலையான வேலை, இறைநம்பிக்கை உள்ளவர்களின் ஒரு கூட்டம் என்று ஏதோ ஒரு கதவு அவர்களுக்குத் திறந்தது. பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து “இவன் இனிமேல் தேறமாட்டான்” என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த ஒரு தகவலுக்காகவாவது கொஞ்சம் பொறுக்கலாம்.

தன்னை நம்பி ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை க்ளென் எல்டர் என்ற சமூகவியலாளரின் ஆய்விலும் பார்க்கலாம். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்ட குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியது அது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1920, 1921இல் பிறந்தவர்கள் வீழ்ச்சியின்போது பத்து வயதைத் தாண்டியிருந்தார்கள். பையன்கள் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலைகளைத் தோளில் சுமந்தார்கள். அவர்களுடைய உழைப்பு வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. பிற்காலத்தில் இவர்கள் பெரும்பாலும் பொறுப்பும் நம்பிக்கையும் உள்ளவர்களாக இருந்தார்கள். ஆனால் அருகில் இருந்த பெர்க்லி நகரில் 1928, 1929இல் பிறந்து, அதே வீழ்ச்சியைக் கைக்குழந்தைகளாகவும் சிறு பிள்ளைகளாகவும் கண்ட பையன்கள் மிகவும் துவண்டுபோனார்கள். வீட்டில் நடந்த இழப்பும் சண்டையும் அவர்களையும் தாக்கின. அவர்களால் செய்ய முடிந்ததோ ஒன்றுமில்லை. எந்த வயதில் கஷ்டம் வருகிறது என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான்.

வெளியே தெரியாத விலை

பொறுப்பான பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடுதான் எழுதுகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களை ஜீன் பிராடி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஏழ்மையில் வளர்ந்தும் ஆசிரியர்களிடம் நல்ல பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு 19 வயதில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆனால் ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோன்கள் போன்றவற்றை அளந்தபோது, அவர்களுடைய உடல் மிகவும் தேய்ந்திருந்தது தெரிந்தது. இடைவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறியதன் கணக்கை உடல் எழுதிவைத்திருந்தது.

வீட்டின் பாரத்தைச் சுமக்கும் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. சில மாதங்கள் அம்மாவைக் கவனித்துக்கொள்வது வேறு. அப்பாவின் குடி, அம்மாவின் அழுகை, தம்பியின் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு வயதிலிருந்தே ஒரு பிள்ளை பதில் சொல்லிக்கொண்டிருப்பது வேறு. பார்க்க இரண்டும் பொறுப்பாகத்தான் தெரியும். இரண்டாவது பிள்ளைக்கு விளையாட நேரமில்லை, தவறு செய்ய உரிமையில்லை, உதவி கேட்க ஆளில்லை. அப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகும் ஓய்வெடுத்தால் குற்ற உணர்ச்சி, யாராவது அக்கறை காட்டினால் சந்தேகம் என்று தவிப்பதைப் பார்க்கிறோம். சீக்கிரம் பெரியவராகிவிட்ட பிள்ளையைப் பாராட்டினால் மட்டும் போதாது. அந்தச் சுமையில் ஒரு பகுதியையாவது பெரியவர்கள் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கஷ்டம் முடிந்த பிறகு

நெருக்கடி நடக்கும்போது யாரும் பாடம் கற்றுக்கொள்வதில்லை. தலை தப்பினால் போதும் என்றுதான் இருக்கும். நடந்ததைப் பிறகு திரும்பிப் பார்த்து, கோத்து, தனக்கே சொல்லிக்கொள்ளும்போதுதான் அது அனுபவமாகிறது. 1990களின் நடுவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு சிலர் காணும் மாற்றங்களைத் தொகுத்தார்கள். உறவுகள் நெருக்கமாகின்றன, தன் வலிமை தெரிகிறது, புதிய வழிகள் கண்ணில் படுகின்றன, வாழ்க்கையின் அருமை புரிகிறது, ஆன்மிகத் தேடல் ஆழமாகிறது என்று பலர் சொன்னார்கள். அதிர்ச்சியோடு மல்லுக்கட்டியதில்தான் அந்த மாற்றம் வருகிறது, அதிர்ச்சியில் அல்ல என்பதை அவர்களே வலியுறுத்தினார்கள்.

இதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. 2009இல் பட்ரிசியா ஃபிரேசியரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களை ஒரு கெட்ட நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். “நான் வளர்ந்திருக்கிறேன்” என்று அவர்கள் சொன்னதும், அளவீட்டில் தெரிந்த உண்மையான மாற்றமும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. சில நேரம் “இதனால் நான் வலிமையானேன்” என்பது வலியைத் தாங்க நாம் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல். அதில் தவறில்லை. ஆனால் பெரியவர்கள் அவசரப்பட்டு அந்த வாக்கியத்தைப் பிள்ளையின் வாயில் திணிக்கக் கூடாது. அது வருவதாக இருந்தால் தானாக வரட்டும்.

எழுதிப் பார்ப்பது பலருக்கு உதவியிருக்கிறது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், தினமும் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதும்போது அவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனார்கள். செலவில்லாத வழி, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுத எழுத மனம் மேலும் கலங்குகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவது நல்லது.

கஷ்டமே தெரியாமல் வளரும் பிள்ளைக்கு என்ன செய்வது?

பல பெற்றோருக்கு உள்ளே இருக்கும் கவலை இது. அதற்காகக் கஷ்டத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டாம். சின்னச் சிரமங்களை வழியிலிருந்து அகற்றாமல் விட்டாலே போதும். மறந்துபோன நோட்டைப் பள்ளிக்கு ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பது, நண்பனோடு வந்த சண்டையை அவனே பேசித் தீர்க்க விடுவது, வீட்டு வேலையில் ஒன்றை முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு நடுவில் போய்த் திருத்தாமல் இருப்பது. ஒப்படைத்த வேலை உண்மையாகவே தேவையான வேலையாக இருக்க வேண்டும். பயிற்சிக்காகக் கண்டுபிடித்த வேலையைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுகொள்வார்கள்.

குரங்குக் குட்டிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணில் குரங்குக் குட்டிகளை வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் மட்டும் தாயிடமிருந்து பிரித்து, மறுபடியும் சேர்த்தார்கள். அந்தச் சின்னப் பிரிவுகளைப் பார்த்த குட்டிகள், பிரிவையே பார்க்காதவற்றைவிடப் பிறகு புதிய இடங்களில் குறைவாகப் பயந்தன. பிரிவு குறுகியது, திரும்பி வரத் தாய் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அது பயிற்சி.

இதையே ஒரு திட்டமாகச் செய்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் டார்பிடோவால் தாக்கப்பட்ட கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் தப்பியவர்களில், வயதான மாலுமிகளைவிட இளம் மாலுமிகளே சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன உரிமையாளர் நம்பினார். உடல் வலு இருந்தும், நெருக்கடியைச் சமாளித்த முன்னனுபவம் இல்லாததுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. கல்வியாளர் கர்ட் ஹானோடு சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டோவி என்ற இடத்தில் இளைஞர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கடல், மலை, குழு வேலை என்று ஒரு மாத அளவிலான பயிற்சி. இன்று உலகின் பல நாடுகளில் இயங்கும் அவுட்வர்டு பவுண்டு அமைப்பு அப்படித்தான் பிறந்தது. கஷ்டம் உண்மையானது, எல்லை உண்டு, அனுபவசாலிகள் கூட இருக்கிறார்கள். பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் இதைச் சின்ன அளவில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை வலுக்கட்டாயமாகத் தள்ளினால், “என்னால் எதையும் தீர்மானிக்க முடியாது” என்ற எதிர்ப்பாடம்தான் பதியும்.

இப்போதே பெரிய கஷ்டத்தில் இருக்கும் ஓர் இளைஞர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. இன்று உங்கள் கையில் இருக்கும் ஒரு சின்ன வேலையைச் செய்யுங்கள், தூக்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லிவையுங்கள். முதல் ஆள் காதுகொடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, குடி அல்லது போதையில்தான் பொழுது நகர்கிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். இன்றே, இப்போதே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.